ஆறு வண்டி, ஏழு நாள்: ஈரோட்டிலிருந்து கோகர்ணம்

கேள்வி: அண்ணா, வணக்கம். ஈரோட்டிலிருந்து நாங்கள் ஆறு பேர், ஆளுக்கொரு வண்டியில் ஜனவரி கடைசியில் கோகர்ணம் போய்வரத் திட்டம் போட்டிருக்கிறோம். என்னுடையது 2019 மாடல் கிளாசிக் 350. 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கூட வருவது இன்னொரு கிளாசிக், ஒரு ஹிமாலயன் 411, ஒரு டாமினார் 400, ஒரு அப்பாச்சி 160, ஒரு பல்சர் 150. பல்சர் ஓட்டும் நண்பர் இதுவரை நெடுந்தூரம் போனதில்லை. சர்வீஸ் சென்டரில் செயின் செட், பிரேக் ஆயில், இன்ஜின் ஃப்ளஷ், டெஃப்ளான் கோட்டிங் என்று நீளமாகப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இதில் எது அவசியம்? கிளம்புவதற்கு முந்தின நாள் சர்வீஸ் விட்டால் போதுமா? முதல் நாளே 600 கிலோமீட்டர் அடித்துவிடலாம் என்கிறார்கள். ஆறு நாள் லீவு இருக்கிறது.

பதில்: தம்பி, முந்தின நாள் சர்வீஸ் மட்டும் வேண்டாம். மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம், இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் தேதிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் ஆறு வண்டிக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும்.

பல வருடம் முன்பு நானும் அப்படித்தான் சனிக்கிழமை மாலை வண்டியை எடுத்து, ஞாயிறு விடியற்காலை கிளம்பினேன். கைப்பிடி, லைட், ஹாரன் எல்லாம் பார்த்தேன். அடியில் பார்க்கவில்லை. 90 கிலோமீட்டர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது பின் டயரின் ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. ஆயில் மாற்றியவர் டிரெயின் போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை. ஆயில் கசிந்து காற்றில் பறந்து டயரில் படிந்துகொண்டே வந்திருக்கிறது. அடுத்து வரவிருந்தது மலைப்பாதை. அந்த டீயைக் குடிக்க நிறுத்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. புதிதாகக் கழற்றி மாட்டிய எந்த இடமும் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் தன் குறையைக் காட்டும். அந்தக் குறை வீட்டுக்குப் பக்கத்தில் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அதனால் சர்வீஸ் முடிந்த வாரமே ஒரு சோதனை ஓட்டம் போங்கள். உங்கள் ஊருக்குக் கொல்லிமலை நல்ல தேர்வு. நாமக்கல் வழியாகப் போய்வர 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. பயணத்துக்கு என்னென்ன மூட்டை கட்டுவீர்களோ அத்தனையையும் கட்டிக்கொண்டு, ஆறு பேரும் சேர்ந்தே போகவேண்டும். ஏறும்போது கிளட்ச் தெரியும், இறங்கும்போது பிரேக் தெரியும். யார் எப்படி ஓட்டுகிறார் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். வீடு திரும்பியதும் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, அடியில் பழைய நாளிதழை விரித்துவையுங்கள். மறுநாள் காலையில் தாளில் ஒரு சொட்டு இருந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்.

இப்போது வண்டி. நெடுந்தூரப் பயணத்தில் இன்ஜின் கைவிட்டு நின்ற வண்டிகளை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். நிறுத்திவைப்பது பெரும்பாலும் டயர், செயின், பிரேக், ஒரு கேபிள், அல்லது லூசான பேட்டரி டெர்மினல்.

டயரில் தேய்மானத்தை எல்லோரும் பார்ப்பார்கள், வயதைப் பார்க்கமாட்டார்கள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். உங்கள் வண்டியில் கம்பெனி போட்ட டயரே இன்னும் இருந்தால், பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் வரி) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரப்பர் காய்ந்து கெட்டியாகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். அந்த டயர் ஈரமான வளைவில் தரையைப் பிடிக்காது. புது டயர் போட்டால் முதல் 100, 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டவேண்டும், மேலே இருக்கும் வழுவழுப்பு போகும்வரை. இதற்கும் அந்தக் கொல்லிமலை ஓட்டம் பயன்படும்.

கிளாசிக் இரண்டுக்கும் ஹிமாலயனுக்கும் ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். அதனால் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று ஸ்பேர் டியூப், இரண்டு டயர் லீவர், ஆக்ஸில் நட்டுக்குச் சரியான ஸ்பானர், ஒரு சின்னப் பம்ப் கட்டாயம். மலைப்பாதையில் பஞ்சர் கடை இருக்காது. இருந்தாலும் உங்கள் அளவு டியூப் இருக்காது. இன்னொன்று: ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் லேசாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமாக இருப்பது ‘டிங்’ என்று தெளிவாக ஒலிக்கும். லூசானது ‘டொக்’ என்று செத்த சத்தம் தரும். இரண்டு மூன்று அப்படி இருந்தால் சக்கரத்தை ட்ரூயிங்குக்கு (ஸ்போக்கை இறுக்கிக் கோணல் எடுக்கும் வேலை) கொடுங்கள். மற்ற மூன்று வண்டிக்கும் டியூப்லெஸ். அதற்கு ஓட்டையில் ரப்பர் பட்டையைச் செருகி அடைக்கும் ஸ்ட்ரிப் கிட்டும் அதே பம்பும் போதும்.

செயின் விஷயத்தில் சர்வீஸ் சென்டரை நம்பவோ சந்தேகப்படவோ தேவையில்லை, நீங்களே பார்க்கலாம். பின் ஸ்ப்ராக்கெட்டின், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தின், பின்புற நடுவில் செயினை விரலால் பிடித்து, பின்னால் இழுத்துப் பாருங்கள். செயின் விலகிப் பல்லில் பாதி உயரம் வெளியே தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி ஆகியிருந்தாலும் அதே முடிவுதான். மாற்றும்போது செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் சீக்கிரமே அதையும் தின்றுவிடும். நல்ல நிலையில் இருந்தால் தளர்வு மட்டும் சரிபாருங்கள். பெரும்பாலான வண்டிக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கும், உங்கள் மேனுவலில் உள்ள அளவே இறுதி. மூட்டை ஏறிப் பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். அதனால் டைட்டாக வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கியர்பாக்ஸ் பேரிங்தான் அடிவாங்கும். வழியில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அன்றைய ஓட்டம் முடிந்து செயின் சூடாக இருக்கும்போதே லூப் (செயினுக்கான மசகு ஸ்ப்ரே) அடித்துவிடுங்கள். இரவு முழுவதும் ஊறும், காலையில் தெறிக்காது.

பிரேக் ஆயிலைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடாதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 தரத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியதற்கு அந்தத் தர அளவே 155 டிகிரிதான். நான் கீழே சொல்லும் பாதையில் நீங்கள் இறங்கப்போவது கர்நாடகத்தின் ஆகும்பே மலைப்பாதை. விடாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் பழைய ஆயில் உள்ளே கொதித்து ஆவியாகும். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியதை நம்மில் பலர் வண்டி வாங்கியதிலிருந்து மாற்றியிருக்கமாட்டோம். கூடவே பேடையும் பாருங்கள். புது ஆயில் இருந்தாலும் இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்கவேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல், விட்டு விட்டுப் பிடிக்கவேண்டும்.

மீதி வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்றுங்கள். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் பாருங்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது நேர்நிலையில் சின்னதாக மாட்டினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. பேட்டரி டெர்மினலை இறுக்குங்கள். 41,000 கிலோமீட்டருக்குக் கிளட்ச் கேபிள் புதிதாகப் போட்டுவிடுங்கள், பழையதை ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள். டெஃப்ளான் கோட்டிங், இன்ஜின் ஃப்ளஷ் இரண்டும் இந்தப் பயணத்துக்குத் தேவையே இல்லை. அந்தக் காசில் டியூபும் நல்ல செயின் லூபும் வாங்கலாம்.

மூட்டை கட்டுவதில் ஒரு எச்சரிக்கை. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு கழன்று பின் சக்கரத்தில் சுற்றினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பக்கிள் வைத்த பட்டையால் கட்டுங்கள், மிச்ச நுனியைச் சுருட்டி உள்ளே செருகுங்கள். கனமான டூல்ஸ் எல்லாம் சீட்டை ஒட்டிக் கீழே, எடை குறைந்த துணிமணி பின்னால். கனத்தைப் பின்கோடியில் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி வண்டி ஆட ஆரம்பிக்கும்.

சரி, பாதைக்கு வருவோம். 600 கிலோமீட்டர் யோசனையை விட்டுவிடுங்கள். தனியாக ஒருவர் செய்யலாம், ஆறு வண்டி செய்யாது. ஒருவருக்குத் தண்ணீர் தாகம், இன்னொருவருக்கு போன், மூன்றாமவருக்கு பெட்ரோல் என்று ஒவ்வொரு நிறுத்தமும் அரை மணி நேரம் தின்னும். சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்கு 40 கிலோமீட்டர் நகர்ந்தாலே நல்ல குழு. அப்படியானால் 600 என்பது 15 மணி நேரம். கடைசி மூன்று மணி நேரம் இருட்டில், களைத்துப்போய், முதல்முறை வரும் பல்சர் தம்பி வேற்றூர்ச் சாலையில் ஓட்டவேண்டியிருக்கும். அந்தப் பையனின் வீட்டாரை நினைத்துத் திட்டம் போடுங்கள்.

என் யோசனை இது. ஒரு நாள் லீவு கூடுதலாகக் கேளுங்கள். முதல் நாள் ஈரோட்டில் ஐந்து மணிக்கு முன்பே கிளம்பி சத்தியமங்கலம், பண்ணாரி. திம்பம் மலைப்பாதையின் இரவுக் கட்டுப்பாடு காலை 6 மணிக்கு முடியும். அதன் பிறகு 27 கொண்டை ஊசி வளைவு ஏறுங்கள். மேலே போனால் ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் சாலையோரம் காத்து நிற்கும். பார்த்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரனும் வேண்டாம், போனை எடுத்துக்கொண்டு இறங்கவும் வேண்டாம். அது விலகிய பிறகு போகலாம். சாம்ராஜ்நகர், மைசூர் வழியாக ஹாசனில் தங்கல், ஏறக்குறைய 320 கிலோமீட்டர். நீளமான நாள் இது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் சிக்மகளூர், சிருங்கேரி, ஆகும்பே இறங்கி உடுப்பி. 230 கிலோமீட்டர்தான், ஆனால் காபித் தோட்டத்துக்குள் வளைந்துகொண்டே போகும் பாதை, பகல் முழுக்க எடுக்கும். ஆகும்பேயின் 14 கொண்டை ஊசி வளைவை வெளிச்சத்தில் இறங்கிவிடுங்கள். மூன்றாம் நாள் தேசிய நெடுஞ்சாலை 66-இல் கோகர்ணம், 180 கிலோமீட்டர். குந்தாப்பூர் தாண்டி மறவந்தேயில் சாலைக்கு ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் சௌபர்ணிகா ஆறு. அங்கே நிறுத்தி அரைமணி நேரம் உட்காருங்கள். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். நான்காம் நாள் வண்டியைத் தொடாதீர்கள், செயினுக்கு லூப் அடிப்பதைத் தவிர. ஐந்தாம் நாள் ஹொன்னாவர், ஜோக் அருவி வழியாக ஷிவமொக்கா. ஜனவரியில் ஜோக்கில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும், மழைக்காலப் படத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஆறாம் நாள் மைசூர், ஏழாம் நாள் வீடு.

மைசூரிலிருந்து கூடலூர், ஊட்டி வழியாகத் திரும்ப ஆசை வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். பெங்களூரு – மைசூர் விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான்.

குழுவின் வேகத்தை டாமினார் தீர்மானிக்கக் கூடாது, பல்சர் தீர்மானிக்கவேண்டும். 150 சிசி வண்டி மூட்டையோடு நாள் முழுக்கச் சிரமப்படாமல் போவது 70, 75-இல். நான்கு வழிச்சாலையில் பைக்குக்கு மத்திய அரசு வைத்த உச்ச வரம்பே 80 தான். பெட்ரோலில் கதை தலைகீழ். டாமினாரின் டேங்க் 13 லிட்டர், லிட்டருக்கு 27 கிடைத்தாலும் ஆறு பேரில் முதலில் தீர்வது அந்த வண்டிதான். பல்சருக்கு 15 லிட்டர், அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை, தேவை இருக்கிறதோ இல்லையோ, ஆறு வண்டியும் ஒரே பங்க்கில் நிரப்புங்கள்.

வரிசையில் முன்னால் பாதை தெரிந்தவர், இரண்டாவது பல்சர், கடைசியில் டூல்ஸோடு நீங்கள். நல்ல சாலையில் ஒருவர் இடம், அடுத்தவர் வலம் என்று மாற்றி மாற்றி, முன்வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி. வளைவிலும் மலையிலும் ஒற்றை வரிசை. ஓவர்டேக் ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்துச் செய்யவேண்டும். முன்னால் போனவர் போய்விட்டார் என்று பின்னாலேயே நுழைவதுதான் குழுப் பயணத்தில் உயிரை எடுக்கும் தவறு. வேறு சாலைக்குத் திரும்பவேண்டிய இடம் வந்தால், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை அங்கேயே நில்லுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் சிக்னல் இல்லாத மலையிலும் யாரும் தொலையமாட்டார்கள்.

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் ஏற்றிவையுங்கள், ஒரு நகலும் இருக்கட்டும். ஆறு பேரின் ரத்த வகை, வீட்டு போன் எண் எழுதிய தாள் ஆளுக்கொன்று பர்ஸில். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033.

இந்த வாரமே டயர் எண்ணையும் செயினையும் பாருங்கள் தம்பி. இரண்டும் மாற்றவேண்டியிருந்தால் உதிரிபாகம் வர நாள் ஆகும். கொல்லிமலை போய்வந்த பிறகு எந்த வண்டி என்ன சத்தம் போட்டது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.