முதலாண்டு மாணவர்கள் கேட்கிறார்கள்: ஒரு கணிதப் பேராசிரியையின் பதில்கள்

தமிழ்நாட்டில் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, முதலாண்டு வகுப்புகளுக்கு நெடுங்காலமாகக் கணிதம் கற்பித்துவரும் ஆசிரியை என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். பிளஸ் டூ கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். இப்போது பொறியியல் வகுப்பில் நடத்துவதில் பாதிகூடப் புரியவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றுகிறது, அம்மா.

பதில்: திரும்ப வேண்டாம் தம்பி. உங்களுக்குக் கணிதம் தெரியும். அதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்தாம் இன்னும் பழகவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, தமக்குப் படிப்பே வராது என்று முடிவு கட்டிவிடும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்த முடிவுதான் அவர்களைத் தோற்கடிக்கிறது.

முதல் பருவத்தில் வரும் அணிகள் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் மூன்று நிரை, மூன்று நிரல் கொண்ட ஓர் அணியைக் கரும்பலகையில் எழுதி ‘டிட்டர்மினன்ட்’ காணச் சொல்கிறார் என்றால், பதினோராம் வகுப்பில் நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகிய அணிக்கோவையைத்தான் அவர் கேட்கிறார். ‘இன்வர்ஸ்’ என்பது நேர்மாறு. ‘ரேங்க்’ என்பது அணியின் தரம். ‘டெரிவேட்டிவ்’ என்பது வகைக்கெழு. உண்மையில் புதிதாக வருவதில் முக்கியமானது ஐகன் மதிப்புதான். அதுவும் அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளிலிருந்து லாம்டா என்ற அறியா எண்ணைக் கழித்து, அணிக்கோவையைக் கண்டு, அதைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் கிடைக்கும் முப்படிச் சமன்பாட்டின் தீர்வுகளே ஆகும். முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணித, இயற்பியல் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி ஆகிய இரண்டு வடிவங்களிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் அதே பாடம், அதே எடுத்துக்காட்டுக் கணக்கு. நாளை வகுப்பில் நடக்கப்போகும் தலைப்புக்கு அடிப்படையான பள்ளிப் பாடத்தை முதல் நாள் இரவே தமிழில் ஒரு முறை, உடனே ஆங்கிலத்தில் ஒரு முறை, இரண்டு நூல்களையும் அருகருகே திறந்து வைத்துப் படியுங்கள். நோட்டின் வலது ஓரத்தில் கோடு போட்டு, ஆங்கிலச் சொல்லையும் அதற்கு நேரே தமிழ்ச் சொல்லையும் எழுதிக்கொண்டே வாருங்கள். அரைப் பருவம் முடிவதற்குள் அந்த ஓரத்தைப் பார்க்கும் தேவை குறைந்திருப்பதை நீங்களே உணர்வீர்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. புரியாத இடத்தை அன்றைக்கே போய்க் கேளுங்கள். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால், ஆசிரியர் அறைக்கு நோட்டோடு சென்று, எந்த வரியில் விட்டுப்போயிற்று என்று விரல் வைத்துக் காட்டித் தமிழிலேயே கேளுங்கள். ‘எதுவுமே புரியவில்லை’ என்று வருபவருக்கு உதவுவது எங்களுக்குக் கடினம். ‘இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது’ என்று கேட்பவருக்குச் சில நிமிடங்களில் விளக்கிவிட முடியும்.

கேள்வி: எழுபத்தைந்து சதவீத வருகை என்பதெல்லாம் சும்மா, கடைசியில் பணம் கட்டிச் சரிசெய்துவிடலாம் என்று சீனியர் அண்ணன் சொல்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை என்பதால்தான் அது ஆபத்தானது. தொண்ணூறு வேலை நாள் கொண்ட ஒரு பருவத்தில் 75 சதவீதம் என்றால், நீங்கள் வராமல் இருக்கக்கூடிய நாள்கள் 22 மட்டுமே. காய்ச்சல், அக்காவின் திருமணம், ஊர்த் திருவிழா எல்லாம் அந்த 22 நாளுக்குள்தான் அடங்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் 65 முதல் 75 சதவீதம் வரை வருகை உள்ளவர்கள் தக்க காரணமும் மருத்துவச் சான்றும் காட்டி, கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான) கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதலாம்; அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வராது. மேலும் பல கல்லூரிகள் வருகையை நாள் கணக்கில் அல்லாமல் வகுப்பு மணிக் கணக்கில் பதிவு செய்கின்றன. காலையில் வந்துவிட்டு மதியம் கிளம்புகிறவருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் பருவக் கடைசியில்தான் தெரியவருகிறது. என்.எஸ்.எஸ்., விளையாட்டு போன்றவற்றுக்காகச் செல்லும்போது ஓ.டி. படிவத்தை (கல்லூரிப் பணிக்காகச் சென்றதாக வருகை கணக்கிடக் கோரும் படிவம்)ப் போவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இன்டெர்னல் மதிப்பெண்ணுக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு? கடைசித் தேர்வில் நன்றாக எழுதினால் போதாதா?

பதில்: போதாது. கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்று பிரிக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளில் எழுத்துத் தாள்களுக்கு அது 40, 60 என்று இருக்கிறது. நூற்றுக்கு நாற்பது என்பது சிறிய பங்கு அன்று. உங்கள் சேர்க்கை ஆண்டுக்கு எந்த விதிமுறை பொருந்தும் என்று டியூட்டரிடம் (உங்கள் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம்) கேட்டு, அதன் தேர்ச்சி விதிகள் உள்ள பக்கங்களையாவது முதல் மாதத்திலேயே படித்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு தாயார்): மகளை விடுதியில் விட்டிருக்கிறோம். தினமும் இரவில் போன் செய்து அழுகிறாள். வாரந்தோறும் அழைத்து வந்துவிடலாமா?

பதில்: அம்மா, முதல் சில வாரங்கள் பிள்ளைகள் அழுவது இயல்பு, அதைக் கண்டு நீங்கள் கலங்குவதும் இயல்பு. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்கு வரும் பிள்ளைக்கு விடுதியில் தோழிகள் அமைவதில்லை. அவர்கள் ஒன்றாகக் கடைக்குப் போவதும் துணி துவைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பதும் சனி, ஞாயிறுகளில்தான். ஆகவே மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று முன்கூட்டியே ஒரு தேதி சொல்லிவிடுங்கள். அந்தத் தேதி கண்ணுக்குத் தெரிந்தாலே பாதி அழுகை அடங்கும். போனில் ‘சாப்பிட்டாயா’ என்பதோடு நிறுத்தாமல், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெண் யார், எந்த ஊர் என்றும் கேளுங்கள்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாலோ, தூங்காமல் இருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஏதேனும் சொன்னாலோ, அதை வீட்டு ஏக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். அன்றே விடுதிக் காப்பாளரிடம் பேசி, நேரில் புறப்பட்டுச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

கேள்வி: இரவில் சீனியர்கள் அறைக்குக் கூப்பிட்டுப் பாடச் சொல்கிறார்கள், நிற்க வைக்கிறார்கள். அடிக்கவில்லை. இதற்கெல்லாம் புகார் கொடுத்தால் பழிவாங்குவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அடித்தால்தான் ராகிங் என்பதில்லை. விருப்பமில்லாத ஒருவரைக் கட்டாயப்படுத்திச் சிறுமைப்படுத்துவதும் ராகிங்தான். 1996ஆம் ஆண்டு சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கின் பெயரால் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடைசெய்து தனிச் சட்டமே இயற்றியது. அதன்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டிக்கப்பட்ட மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவதோடு வேறு கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. சேர்க்கையின்போது நீங்களும் உங்கள் பெற்றோரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளின்படி வந்ததுதான்.

கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை அறிவிப்புப் பலகைக்கு அருகில் இருக்கும். அவர்களுள் ஒருவரிடம் சொல்லுங்கள். அங்கே சொல்லத் தயக்கமாக இருந்தால் 1800-180-5522 என்ற தேசிய எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். பெயரை வெளியிடாமலும் புகார் செய்யலாம். தேதி, நேரம், அறை எண், அங்கிருந்தவர்கள் யார் என்பதையெல்லாம் அன்றன்றே எழுதி வையுங்கள். பழிவாங்குவார்கள் என்று அஞ்சி அடங்கிப் போகிறவரைத்தான் அவர்கள் மறுநாளும் கூப்பிடுகிறார்கள். தயவுசெய்து பொறுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: உடனே லேப்டாப் வாங்க வேண்டுமா? வீட்டில் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

பதில்: வேண்டாம். முதல் பருவத்தைக் கல்லூரிக் கணினி ஆய்வகத்திலும் நூலகத்திலும் ஓட்டிவிட முடியும். பைத்தான் பயிற்சிக்கு ஆய்வக நேரம் போதவில்லை என்றால், மாலையில் கூடுதல் நேரம் திறந்து வைக்கும்படி வகுப்பு முழுவதும் சேர்ந்து துறைத் தலைவரிடம் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: புதுமைப் பெண் திட்டத்தில் விண்ணப்பித்தேன். தோழிகளுக்கெல்லாம் பணம் வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை.

பதில்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் இந்தத் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. தகுதி இருந்தும் பணம் வராததற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் வங்கிக் கணக்குதான். பள்ளியில் படித்தபோது திறந்த கணக்கு, நெடுநாள் வரவு செலவு இல்லாமல் செயலற்றுப் போயிருக்கும். அல்லது கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருக்கும், ஆனால் அரசு உதவித்தொகையைப் பெறுவதற்கான ஆதார் சீடிங் நடந்திருக்காது. இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். வங்கிக்குச் சென்று, ‘ஆதார் இணைத்தாயிற்றா’ என்று கேட்காமல், ‘என் ஆதாருக்கு அரசுப் பணம் எந்தக் கணக்கில் வரும்படி சீடிங் ஆகியிருக்கிறது’ என்று கேளுங்கள். வேறு வங்கியின் பெயரைச் சொன்னால் அங்கேயே சிக்கல் அவிழ்ந்துவிடும். பிறகு கல்லூரி அலுவலகத்தில் யூமிஸ் என்ற மாணவர் தகவல் தளத்தில் உள்ள உங்கள் பதிவில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மருத்துவம் கிடைக்காததால் பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்தேன். நீட் மீண்டும் எழுதப் போகிறேன். அதுவரை வகுப்பைக் கண்டுகொள்ளாமல் விடலாமா?

பதில்: இன்னொரு முறை எழுதுவது உங்கள் உரிமை, அதற்கான தேதியை வீட்டாரோடு பேசி இப்போதே முடிவு செய்யுங்கள். ஆனால் கிடைத்த படிப்பைக் காத்திருப்பு அறையாக நினைத்து ஓராண்டைக் கழித்தவர்கள், தேர்வு கைகூடாதபோது அரியர்களோடு (தேர்ச்சி பெறாத தாள்களோடு) இரண்டாம் ஆண்டில் வந்து நிற்பதைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். செல் உயிரியலும் மரபியலும் உங்களுக்கு இரண்டு இடத்திலும் பயன்படும். அவற்றையாவது முழு மனத்தோடு படியுங்கள்.

கேள்வி: முதல் பருவத் தேர்வில் ஒரு தாளில் அரியர் விழுந்துவிட்டால் வேலை வாய்ப்பு போய்விடுமா?

பதில்: போகாது. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் நிலுவையில் அரியர் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்கின்றன. முதலாண்டில் விழுந்ததை அடுத்த வாய்ப்பிலேயே எழுதி முடித்தவருக்குக் கதவு மூடுவதில்லை. முடிவு வந்ததும் கவனிக்க வேண்டியது காலக்கெடு. நன்றாக எழுதியதாக உறுதியாக நம்பினால், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் கூட வாய்ப்பு உண்டு என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். நகலுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்களே தருவார்கள் என்பதால், முடிவு வெளியான அன்றே கல்லூரித் தேர்வுப் பிரிவுக்குச் சென்று கடைசித் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.