வானொலியும் ஆலோசகரும் – ஒரு கடிதம்

ஐயா, வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சமுதாய வானொலியில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் வெளியூர் ஆலோசகர் ஒருவரை அழைத்து வந்தார்கள். பேச்சைக் குறைக்கச் சொன்னார், 200 பாட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போடச் சொன்னார். இப்போது நேயர்களிடமிருந்து அழைப்பே வருவதில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு ரசனை இல்லையா? வானொலிக்கு இனி எதிர்காலம் உண்டா?

அன்புள்ள தம்பி,

எதிர்காலத்தை விடுங்கள். ஆலோசகர் என்றாலே மோசம் என்றும் சொல்ல மாட்டேன். 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நொடித்துக் கிடந்த கே.எச்.ஜே. வானொலி நிலையத்தை பில் டிரேக் என்ற ஆலோசகர் இதே வழியில்தான் தூக்கி நிறுத்தினார். பேச்சைச் சுருக்கினார், விளம்பரத்தைக் குறைத்தார், பாட்டுப் பட்டியலை இறுக்கினார். சில மாதங்களில் அந்நகரில் அதுதான் முதலிடம். ஆனால் அவர் எந்த ஊரில் இருந்தாலும் தன் நிலையங்களை டெலிபோன் வழியாகக் கேட்டபடியே இருப்பார். பிடிக்காவிட்டால் உடனே ஸ்டுடியோவுக்கு அழைப்பு போகும். பின்னால் வந்தவர்கள் பட்டியலை மட்டும் நகலெடுத்தார்கள். உங்கள் ஆலோசகர் உங்கள் ஒலிபரப்பை ஒரு நாளாவது முழுதாகக் கேட்டாரா?

ரசனை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் பிறந்துவிட்டு இதை எழுத எப்படி மனசு வந்தது? குலசேகரத்தில் என் மாமா ரப்பர் பால் வெட்டுவார். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார். டிரான்சிஸ்டர் வாளிப் பக்கத்தில் பாடிக்கொண்டிருக்கும். மழை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், கத்தி நின்றுவிடும். வெட்டிய பிறகு மழை பிடித்தால் சிரட்டையில் தண்ணீர் நிறைந்து அன்றைய பால் மொத்தமும் போச்சு. முன்பெல்லாம் திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் இலங்கையும்தான் எங்களுக்கு வானொலி. 1984இல் நாகர்கோவில் நிலையம் வந்தது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி அதுதான். தக்கலை, குளச்சல், தோவாளை என்று நம் ஊர்ப் பெயர்கள் பெட்டிக்குள்ளிருந்து வந்ததும் மாமா சத்தத்தைக் கூட்டி வைத்தார். ரசனையைப் பற்றி அவருக்கு நீங்களா பாடம் எடுப்பீர்கள்?

2017 நவம்பர் 30, ஓகி புயல். தூத்தூரிலும் வள்ளவிளையிலும் கடலுக்குப் போன மீனவர்களின் வீட்டார் நாள்கணக்கில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் படகு லட்சத்தீவில் ஒதுங்கியது, எது மகாராஷ்டிரத்தில் கரை சேர்ந்தது என்பதைத் தவிர அந்த வீடுகளுக்கு வேறென்ன வேண்டும்? அந்த வாரம் உங்கள் 200 பாட்டை வைத்து என்ன செய்திருப்பீர்கள்? சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி போட முடியாது, சரி. வானிலை, மின்தடை, பேரிடர் அறிவிப்புக்கு யார் தடை சொன்னார்கள்? அதை நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள். எந்த ஊர் என்றே தெரியாத குரலை மாமா ஒருநாளும் நம்பியதில்லை.

அப்புறம், உங்கள் ஒலிபரப்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று எழுதவில்லையே? எட்டு மணிக்கு என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.