ஒரு டின், ஒரு வாளி, நாற்பது பைண்ட்: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனில் வீட்டில் பீர் தயாரிக்க 1963 வரை உரிமம் வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். இன்று சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், விற்கத்தான் கூடாது. கிறிஸ்துமஸ் பரிசாக பீர் கிட் (மால்ட் பாகு டின்னும் ஈஸ்ட் பொட்டலமும்) கைக்கு வந்தவர்களின் கடிதங்கள் இம்மாதம் நிறைய.

ஒற்றை டின் கிட், இரட்டை டின் கிட் என்று இரண்டு வகை இருக்கின்றன. விலை வித்தியாசம் கொஞ்சமில்லை. முதல்முறை போடுகிறவன் எதை வாங்குவது? – வாசகர், ஹாரோ

ஒற்றை டின்னில் 1.5 முதல் 1.8 கிலோ வரை மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியின் பாகு, இருக்கும். அடிலெய்டில் 1862 முதல் இயங்கும் கூப்பர்ஸ் நிறுவனத்தின் டின் 1.7 கிலோ. கசப்புக்கான ஹாப்ஸ் பூவின் சத்து அதிலேயே சேர்ந்திருக்கும். சர்க்கரையோ வேறு மால்ட்டோ நீங்கள் போட வேண்டும். இரட்டை டின் 3 கிலோ. வேறெதுவும் போட வேண்டாம். ஒற்றை டின்னும் ஒரு கிலோ உலர் மால்ட் பொடியும் வாங்கினால் இரட்டை டின்னுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். பழகுவதற்கு அதுவே போதும்.

எந்த டின் ஆனாலும் அடியில் உள்ள தேதியை முதலில் பாருங்கள். மால்ட் பாகு பழசாக ஆக நிறம் கறுத்து, இரும்பும் வெல்லமும் கலந்ததுபோல் ஒரு வாடை ஏறும். அதை எந்த ஈஸ்டாலும் மறைக்க முடியாது. தள்ளுபடி அலமாரியில் கிடக்கும் லைட் லாகர் (வெளிர்நிற பீர்) டின்னைத் தொடவேண்டாம்; ஸ்டவுட் (கறுப்பு பீர்) என்றால் ஓரளவு பொறுக்கும்.

சாமான்கள் அடங்கிய பெட்டியாக வாங்கினால் வாளி 30 லிட்டர்தானா என்று கேளுங்கள். ஒரு கிட் தருவது 23 லிட்டர், அதாவது நாற்பது பைண்ட்; அதை 25 லிட்டர் வாளியில் ஊற்றினால் இரண்டாம் நாள் நுரை மூடியைத் தூக்கிக்கொண்டு கம்பளத்துக்கு வரும். ஹைட்ரோமீட்டர் (கலவையின் அடர்த்தியை அளந்து, சர்க்கரை எவ்வளவு மீதி என்று சொல்லும் மிதவை; வெறும் தண்ணீரில் 1.000 காட்டும்) இல்லாத பெட்டிகளும் விற்கிறார்கள். அதை மட்டும் தனியாகவாவது வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் பாட்டிலில் அடைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை. குழாய் பொருத்திய இரண்டாவது வாளி, கழுவத் தேவையில்லாத கிருமிநீக்கி, 500 மில்லி பாட்டில் 45: இவையும் தேவைப்படும். அடிவண்டல் போக 42, 43 பாட்டில்தான் நிறையும்.

குறிப்புத்தாளில் உள்ளபடி ஒரு கிலோ சீனி போட்டேன். குடித்தால் தண்ணீராக இருக்கிறது, பச்சை ஆப்பிள் மணமும் வருகிறது. என்ன பிழை? – வாசகர், ஈஸ்ட் ஹாம்

இரண்டும் வேறு வேறு பிழை. முதலாவது சீனியால் வந்தது. 1.7 கிலோ பாகு 23 லிட்டரில் கரைந்தால் ஹைட்ரோமீட்டர் ஏறக்குறைய 1.022 காட்டும். ஒரு கிலோ சீனி அதை 1.039-க்கு ஏற்றுகிறது. உங்கள் பீரின் பலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வெறும் சீனி என்று அர்த்தம். ஈஸ்ட் அதை மிச்சமில்லாமல் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். வாயில் கனம் தருவதற்கு எதுவும் பின்தங்குவதில்லை. மால்ட்டில் ஈஸ்டால் தின்ன முடியாத சர்க்கரைகளும் உண்டு, பீருக்கு உடம்பு கொடுப்பவை அவையே.

அடுத்த தடவை சீனிக்குப் பதில் முழுக்க உலர் மால்ட் ஒரு கிலோ, அல்லது மால்ட் அரைக் கிலோ, குளுக்கோஸ் பொடி அரைக் கிலோ. தண்ணீரை 23 லிட்டர் கோட்டுக்குக் கொண்டுபோகாமல் 21-ல் நிறுத்துங்கள். நாலு பாட்டில் குறையும், போகட்டும். நாற்பது பைண்ட் என்பது டின்மேல் அச்சடிக்க வசதியான எண், அவ்வளவுதான்.

பச்சை ஆப்பிள் மணம் அவசரத்தின் மணம். அசிட்டால்டிஹைடு என்ற பொருள் நொதித்தலின் நடுவில் உண்டாகி, கடைசியில் ஈஸ்டாலேயே உறிஞ்சப்படும். குறிப்புத்தாளில் ஆறு நாள் என்று போட்டிருந்தால் அதை மறந்துவிட்டு இரண்டு வாரம் வாளியிலேயே விடுங்கள். ஏற்கெனவே அடைத்துவிட்ட பாட்டில்களைக் குளிர்பெட்டியில் வைக்காமல் அறையில் இன்னும் மூன்று வாரம் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் குறைந்துவிடும்.

எல்லாவற்றையும் ப்ளீச் போட்டுத்தான் கழுவினேன். ஆனாலும் பீரில் டெட்டால் வாசம்! – வாசகர், டூட்டிங்

ஆனாலும் இல்லை, அதனால்தான். குளோரின், மால்ட்டிலும் ஈஸ்டிலும் இருந்து வரும் ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிறது. டெட்டாலில் இருப்பதும் அதே குடும்பத்துச் சரக்கு, உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. துளியினும் துளி இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். நாள்பட வைத்தாலும் போகாது. அந்தத் தொகுதியைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை.

ப்ளீச்சை விட்டாலும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். சில ஊர்களில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலக்கிறார்கள். கொதிக்க வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. கேம்ப்டன் என்ற சல்ஃபைட் மாத்திரையில் பாதி எடுத்துக் கரண்டியால் நசுக்கி 23 லிட்டரில் கலக்குங்கள். சில நிமிடத்தில் இரண்டும் செயலிழக்கும். கிட் விற்கும் கடையிலேயே அந்த மாத்திரை கிடைக்கும்.

கிருமிநீக்கத்துக்கு ஸ்டார் சான் போன்ற அமிலவகை நல்லது. லிட்டருக்கு ஒன்றரை மில்லி, இரண்டு நிமிடம் நனைந்திருந்தால் போதும், அலச வேண்டாம். நுரை ஒட்டியிருந்தாலும் பயமில்லை. ஆனால் அழுக்கின் மேல் எந்தக் கிருமிநீக்கியும் வேலை செய்யாது, முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்க்கப் பஞ்சுதான், பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் பிளாஸ்டிக் வாளியில் போட்ட ஒவ்வொரு கீறலும் கிருமிக்குக் குடியிருப்பு.

இட்லி மாவு பொங்குவதற்கு ஓவனில் விளக்கைப் போட்டு வைப்போம். பீர் வாளியையும் அப்படிக் கதகதப்பாக வைக்கலாமா? – வாசகி, லெஸ்டர்

வேண்டாம். இட்லி மாவுக்குப் பிடித்த முப்பது டிகிரி, பீர் ஈஸ்டுக்கு வெறி பிடிக்கும் சூடு. வழக்கமான காலத்தில் பாதியிலேயே பொங்கி முடித்துவிடும், கூடவே கனமான ஆல்கஹால்களையும், நெயில் பாலிஷ் வாடையையும் விட்டுப்போகும். குறிப்புத்தாள்களில் 21 முதல் 27 டிகிரி என்று போட்டிருப்பார்கள். சீக்கிரம் முடியட்டும் என்பதற்கான எண்கள் அவை. ஏல் வகைக்கு (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர்) 18 முதல் 20 டிகிரி போதும். அதுவும் பீரின் சூடு; அறையின் சூடு அல்ல. நொதிக்கும்போது பீர் தானாகவே அறையைவிட இரண்டு மூன்று டிகிரி ஏறி நிற்கும்.

முதல் மூன்று நாள்தான் முக்கியம், ருசியில் பெரும்பகுதி அப்போதே தீர்மானமாகிவிடும். மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரி நல்ல இடம். கோடையில் வாளியை ஒரு தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துண்டைச் சுற்றி, துண்டின் நுனி தண்ணீரில் தொங்கும்படி விடுங்கள்: மண்பானை குளிரும் அதே கணக்கு. குளிர்காலத்தில் இரவு ஹீட்டிங் அணைந்து அறை 15-க்கு இறங்கினால் ஈஸ்ட் தூங்கிவிடும். வாளிக்குச் சுற்றும் சூட்டுப்பட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈஸ்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கிட்டை மேம்படுத்தச் செலவழிக்கும் முதல் காசு அதற்குத்தான் போகவேண்டும். மூடிக்கடியில் வரும் பொட்டலம் ஐந்து முதல் ஏழு கிராம். எத்தனை மாதம் எந்தக் கிடங்கின் வெயிலில் கிடந்ததோ. 11.5 கிராம் யூஎஸ்-05 அல்லது 11 கிராம் நாட்டிங்ஹாம் ஈஸ்ட் வாங்கி, கலவை 20 டிகிரிக்கு வந்தபின் மேலே தூவுங்கள். தூவுவதற்கு முன் கடைசித் தண்ணீரை டீ ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து ஊற்றினால் ஈஸ்டுக்கு வேண்டிய காற்று உள்ளே போய்விடும். லாகர் என்று எழுதிய பல கிட்களில் இருப்பதும் ஏல் ஈஸ்ட்தான்; உண்மையான லாகர் ஈஸ்டுக்கு 10 முதல் 13 டிகிரி வேண்டும்.

மூடியில் வாயு வெளியேறப் பொருத்தியிருக்கும் ஏர்லாக்கில் குமிழியே வரவில்லை. ஈஸ்ட் செத்துவிட்டதா? – வாசகர், பர்மிங்ஹாம்

மூடியின் ஓரம் வழியாக வாயு போகிறது, வேறொன்றுமில்லை. மூடியைத் திறக்காமல் வாளியின் பக்கத்தில் டார்ச் அடியுங்கள். பீர் மட்டத்துக்குமேல் பழுப்பு நுரை வளையம் தெரிந்தால் வேலை நடக்கிறது. ஹைட்ரோமீட்டர் சொல்வதை நம்புங்கள், ஏர்லாக்கை அல்ல.

ஹைட்ரோமீட்டர் 1.020-ல் நின்றுபோய் நான்கு நாள் ஆகிறது. மேலே சர்க்கரை போட்டால் கிளம்புமா? – வாசகர், மில்டன் கீன்ஸ்

சர்க்கரை போட்டால் சர்க்கரைதான் தீரும், நின்ற மால்ட் நின்றபடியே இருக்கும். முதலில் அளவைச் சரிபாருங்கள். ஹைட்ரோமீட்டரில் குமிழி ஒட்டினால் அது மிதந்து கூடுதலாகக் காட்டும். விரலால் சுழற்றிவிட்டுப் படியுங்கள். அப்படியும் 1.020 என்றால் வாளியை 21 டிகிரிக்குக் கொண்டுவந்து, திறக்காமல் மெதுவாக வட்டமாக ஆட்டி, அடியில் படிந்த ஈஸ்டை எழுப்பிவிடுங்கள். ஐந்து நாளில் அசையாவிட்டால் புது ஈஸ்ட் ஒரு பொட்டலம்.

நள்ளிரவில் அலமாரிக்குள் மூன்று பாட்டில் வெடித்தன. மீதி முப்பத்தெட்டை என்ன செய்வது? – வாசகர், கிராய்டன்

இப்போதே: தடித்த கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பெட்டியின் மேல் கனமான போர்வையைப் போட்டு, முடிந்த அளவு குளிரான இடத்துக்குக் கொண்டுபோங்கள். நன்றாகக் குளிர்ந்தபின் ஒவ்வொன்றாக, துணிக்கடியில் வைத்து மூடியை லேசாக நெம்பி வாயுவை விடுங்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

காரணம் அநேகமாக முடியாத பீரை அடைத்தது. ஒரு லிட்டர் பீரில் 2.3 லிட்டர் வாயு கரைந்திருந்தால் நல்ல நுரை. 1.010-ல் முடியவேண்டியதை 1.016-ல் அடைத்தால், மீதி ஆறு புள்ளியும் பாட்டிலுக்குள் நொதித்து ஏறக்குறைய மூன்று லிட்டர் வாயுவை மேலே சேர்க்கும். கண்ணாடி அதைத் தாங்காது. ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்து, அது எதிர்பார்த்த எண்ணுக்குப் பக்கத்திலும் இருந்தால்தான் அடைக்கலாம்.

பாட்டிலுக்குப் பாட்டில் தேக்கரண்டியால் சர்க்கரை போடுவதிலும் அளவு பிசகும். 23 லிட்டருக்கு 125 முதல் 130 கிராம் சர்க்கரையைக் கால் லிட்டர் கொதிநீரில் கரைத்து, குழாய் வாளியின் அடியில் ஊற்றி, பீரை அதன்மேல் சைபன் குழாயால் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். 21 லிட்டர் போட்டவர்களுக்கு 115 முதல் 120 கிராம். அகப்பையால் இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றினால் எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவு. இனி முதல் சில தடவைக்குப் பழுப்பு பிளாஸ்டிக் பாட்டில் பயன்படுத்துங்கள். அழுத்திப் பார்த்தாலே உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரியும்.

ஸ்டவுட் கிட்டில் பனங்கருப்பட்டி சேர்க்கலாமா? – வாசகர், மெல்போர்ன்

தாராளமாக. 250 கிராம், சர்க்கரையில் அதே அளவைக் குறைத்துக்கொண்டு. இனிப்பு தங்காது, ஈஸ்ட் தின்றுவிடும். கருகல் மணமும் லேசான உப்புச்சுவையும்தான் நிற்கும். அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள், மண்ணும் ஓலைத்துணுக்கும் வரும். லைட் லாகரில் இதைச் செய்யவேண்டாம்.

பேல் ஏல் கிட் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் ஹாப்ஸ். நொதித்து முடிந்தபின் கேஸ்கேட் அல்லது சிட்ரா 50 கிராம் வாளியில் போட்டு, மூன்று நாளில் அடைத்துவிடுங்கள். அதிகநாள் கிடந்தால் புல் வாசம் வரும்.

ஊருக்குப் போகும்போது ஒரு கிட் எடுத்துப்போய் மதுரையில் போடலாமா? – வாசகர், ஸ்லவ்

கூடாது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம், ஒரு வாளியானாலும்.

பாட்டிலின் அடியில் சேறுபோல் படிந்திருக்கிறதே, கெட்டுப்போய்விட்டதா? – வாசகி, வெம்ப்ளி

அது ஈஸ்ட். பாட்டிலை ஒரு நாள் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். ஊற்றும்போது நடுவில் நிறுத்தி நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும். பெரிய கிளாஸாக எடுத்து ஒரே சாய்ப்பில் ஊற்றி, கடைசி ஒரு விரற்கடை பீரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். உடனே அந்தப் பாட்டிலை அலசுங்கள். காய்ந்துவிட்டால் தூரிகை போட்டாலும் வராது.