காணாமல் போன எதிர்ப்பொருள்தான் கரும்பொருளா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள், "பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் உருவானதாமே? அந்த எதிர்ப்பொருள் எங்கே போச்சு? எல்லாரும் தேடும் கரும்பொருள் அதுதானா?" என்று கேட்கிறாள். நான் பி.காம். என்ன பதில் சொல்வது?

பதில்: இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

எதிர்ப்பொருள் என்பது சாதாரணத் துகள்களைப்போல் அதே எடையும், ஆனால் எதிரான மின்னூட்டமும் கொண்ட துகள்களால் ஆனது; சாதாரணப் பொருளைத் தொட்டால் இரண்டும் அழிந்து ஒளியாகிவிடும். அதனால் அதற்கு ஒளிந்துகொள்ளத் தெரியாது. எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானை 1932-லேயே கார்ல் ஆண்டர்சன் கண்டுபிடித்துவிட்டார். இன்று அது ஆஸ்பத்திரிகளில் அன்றாடம் வேலை செய்கிறது. பெட் ஸ்கேனுக்கு முன் ஃபுளோரின்-18 சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுக்கட்டி அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அந்த ஃபுளோரினிலிருந்து வெளிவரும் பாசிட்ரான் ஓரிரு மில்லிமீட்டர் நகர்வதற்குள் ஓர் எலக்ட்ரானிடம் மாட்டிக்கொள்ளும். இரண்டும் அழிந்து, தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். சுற்றியுள்ள வளையக் கருவி அந்த ஜோடிகளைப் பிடித்துத்தான் கட்டியின் இடத்தைக் காட்டுகிறது.

வானத்திலும் இதே கதைதான். எங்காவது எதிர்ப்பொருள் குவிந்திருந்தால், அது சாதாரணப் பொருளைத் தொடும் எல்லையெல்லாம் காமாக் கதிர் கொட்ட வேண்டும். அப்படியோர் எல்லை இதுவரை தென்படவில்லை.

கரும்பொருளின் குணமே வேறு. ஒளியோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஈர்ப்பில் மட்டுமே தெரியும். 1970-ல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் மண்டலத்தை அளந்தபோது, விளிம்பை நோக்கிப் போனாலும் வாயு மேகங்கள் சுற்றும் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் ஈர்ப்பு அதற்குப் போதாது. அப்புறம், கரும்பொருள் சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். சம அளவில் பிறந்த எதிர்ப்பொருள் என்றால் அந்தக் கணக்கும் இடிக்கிறது.

சரி, எதிர்ப்பொருள் எங்கே? பொருளோடு மோதி ஆரம்பத்திலேயே ஒளியாகிவிட்டது. உங்கள் பாஷையில், நூறு கோடி ரூபாய் வரவையும் செலவையும் நேர் செய்தபின் மிஞ்சிய ஒரு ரூபாய்தான் நாம் காணும் நட்சத்திரங்களும் நாமும். அதற்குச் சாட்சியாக இன்றும் பேரண்டத்தில் ஒரு புரோட்டானுக்கு நூறு கோடிக்கு மேல் ஒளித்துகள்கள் உள்ளன.

அந்த ஒரு ரூபாய் ஏன் மிஞ்சியது என்பதுதான் தீராத வழக்கு. இயற்கை பொருளையும் எதிர்ப்பொருளையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை என்பது 1964-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், கேயான் எனும் அற்பாயுள் துகள்களின் சிதைவில் தெரிந்தது. புரோட்டானின் உறவுக்காரத் துகள் ஒன்றிலும் அந்தப் பாரபட்சத்தை 2025-ல் ஐரோப்பியத் துகள் ஆய்வு மையமான செர்னின் எல்.எச்.சி.பி. ஆய்வுக் குழு உறுதிசெய்தது. ஆனால் இதுவரை தெரிந்த பாரபட்சம் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு ரூபாய்க்குக் கிட்டக்கூட வராது.

பாராட்டச் சொன்னேனே, அதற்குக் காரணம் அந்த ஐந்து மடங்கு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் அது ஏன் லட்சம் மடங்காக இல்லை? கரும்பொருளுக்கும் ஓர் எதிர்ப்பொருள் இருந்து, அங்கும் அதே நிகழ்வில் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம் என்று சில கோட்பாட்டாளர்கள் கருதுகிறார்கள். அப்படி இரண்டு பக்கமும் மிஞ்சிய துகள்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே என்றால், கரும்பொருள் துகளின் எடை புரோட்டானைப்போல் சுமார் ஐந்து மடங்கு இருக்கும். சுரங்கங்களுக்குள், திரவமாக்கிய செனான் வாயுவை வைத்துக் கரும்பொருளைத் தேடும் இன்றைய பெரிய கருவிகளுக்கு அவ்வளவு லேசான துகளைப் பிடிப்பதுதான் சிரமம்.