பத்திரம் பதிவாகிவிட்டால் மனை பாதுகாப்பானதா?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கையில் 9 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. ரியல் எஸ்டேட்டில் முதலீட்டைத் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்க விரும்புகிறேன். ஊருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவில் 1,200 சதுர அடி மனையை 4.20 லட்சத்துக்குத் தருகிறார்கள். இரண்டு மனைகளை வாங்கி இரண்டு ஆண்டுகளில் ஒன்றை விற்றால் போட்ட பணம் முழுவதும் திரும்பிவிடும், மற்றது லாபமாக நிற்கும் என்கிறார் தரகர். பஞ்சாயத்து அப்ரூவல் இருப்பதாகவும், பவர் (உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வைத்திருப்பவர் வந்து கையெழுத்துப் போடுவார் என்றும், ஈசி (வில்லங்கச் சான்று) சுத்தமாக இருப்பதாகவும், பத்திரம் பதிவாகிறது என்றால் அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்றும் சொல்கிறார். செலவைக் குறைக்க ஒரு மனையை மட்டும் கிரயம் செய்துகொண்டு, மற்றதை என் பெயருக்கு பவராக வாங்கி வைக்கச் சொல்கிறார். 10,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டேன். தொடரலாமா?

பதில்: இப்போது உள்ள நிலையில் தொடர வேண்டாம். நிலத்தில் முதலீடு செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. உங்கள் தரகர் சொன்னவற்றுள் மிக ஆபத்தானது, பதிவாகிறது என்றால் அரசே ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்ற ஒரு வாக்கியம்தான். மற்றவை எல்லாம் அதன் நிழலில்தான் நிற்கின்றன.

பத்திரப் பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு இந்தச் சொத்தை எழுதிக் கொடுத்தார் என்ற நிகழ்ச்சியைப் பதிவு செய்வது மட்டுமே. எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்து உண்மையில் சொந்தமா என்பதற்கு 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. விற்பவர் தம் உரிமையை நிரூபித்தால்தான் பதிவு செய்வோம் என்று தமிழ்நாட்டில் இருந்த 55-அ என்ற விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தபோது, உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் பணியே அல்ல என்பதைத்தான் காரணமாகச் சொன்னது. ஆகவே சார்பதிவாளர் முத்திரை குத்தியதால் மனை பாதுகாப்பானது என்பது, தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்ததால் கடிதத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்புவதைப் போன்றது.

மனையின் மதிப்பில் 7 சதவீதத்தை முத்திரைத் தீர்வையாகவும் 2 சதவீதத்தைப் பதிவுக் கட்டணமாகவும் வாங்கிக்கொள்ளும் ஓர் அமைப்பு, வாங்குபவரிடம் இந்த ஒரு செய்தியையாவது பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்துச் சொல்லலாம். பதிவுத்துறை, பட்டா தரும் வருவாய்த்துறை, மனைப்பிரிவை அங்கீகரிக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககம் ஆகிய மூன்றும் ஒரே அரசின் துறைகள். ஆனால் ஒன்றின் கோப்பில் இருப்பதை மற்றொன்றுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு, வாழ்நாளில் ஒருமுறை மனை வாங்கும் சாதாரண மனிதனின் தலையில் விழுகிறது. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அடுத்து, பஞ்சாயத்து அப்ரூவல். ஊராட்சித் தலைவர் மட்டும் கையெழுத்திட்டு முத்திரை வைத்த வரைபடம் மனைப்பிரிவுக்கான அங்கீகாரம் ஆகாது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, உங்கள் பகுதியில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுக்கு ஓர் எண்ணும் ஆண்டும் உண்டு. அந்த எண்ணைக் கேட்டவுடன் சொல்லாமல், 'அதெல்லாம் ஆபீஸில் இருக்கிறது சார்' என்று எவராவது சொன்னால் அத்துடன் எழுந்து வந்துவிடலாம்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. விளைநிலத்தைத் திட்ட அனுமதியின்றி மனையாகப் பிரித்து விற்கும் பத்திரத்தைப் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்கிறது அது. அப்படியானால் உங்கள் தரகர் காட்டும் இடத்தில் மட்டும் எப்படிப் பதிவு நடக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் திரித்துச் சொல்லித்தான் பாதி மனைகள் விற்கப்படுகின்றன.

அங்கீகாரம் இல்லாத மனையாக இருந்தாலும், அதே மனை ஏற்கெனவே வீட்டுமனையாகவே பதிவாகியிருந்தால், அதை மறுபடி விற்கும்போது பதிவு செய்யலாம் என்பதுதான் அந்த விதிவிலக்கு. தடைக்கு முன்பே நல்லெண்ணத்தோடு வாங்கியவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்டது. தரகர்கள் இதை, 'பழைய பத்திரம் இருந்தால் போதும்' என்று சுருக்கிச் சொல்வார்கள். போதாது. 1998-இல் ஒருவர் இரண்டு ஏக்கர் புஞ்சை நிலம் வாங்கிய பத்திரத்தைக் காட்டி, 'பார்த்தீர்களா, 2016-க்கு முந்தைய ஆவணம்' என்பார்கள். அந்த ஆவணத்தில் உங்கள் மனை எங்கே இருக்கிறது? அன்று பதிவானது இரண்டு ஏக்கர் புஞ்சை; மனை அல்ல. உங்கள் மனை, அதே அளவோடும் நான்கு எல்லைகளோடும், வீட்டுமனை என்ற வகையில் 2016 அக்டோபர் 20-க்கு முன் தனியாக ஒருவருக்குக் கிரயமாகியிருக்க வேண்டும். மொத்த நிலத்துக்கான தாய்ப் பத்திரத்தின் வயதைப் பார்க்காமல் மனைப் பத்திரத்தின் வயதைப் பாருங்கள்.

வேறொரு வகையான தந்திரமும் உண்டு. பத்திரத்தில் மனை என்ற சொல்லே வராமல், 1,200 சதுர அடியை '2¾ சென்ட் புஞ்சை நிலம்' என்று எழுதி விளைநிலமாகவே பதிவு செய்துவிடுவார்கள். கணக்கும் சரியாக வரும், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பதிவும் நடந்துவிடும். நீங்கள் மனை வாங்கியதாக நினைத்து இனிப்புக் கொடுப்பீர்கள். சட்டத்தின் கண்ணில் நீங்கள் உழவே முடியாத அளவுக்குச் சிறிய ஒரு வயலின் சொந்தக்காரர். பத்திர நகலில் சொத்து விவரப் பகுதியை மட்டுமாவது எழுத்தெண்ணிப் படியுங்கள்.

உண்மையாகவே 2016-க்கு முன் மனையாகப் பதிவான இடம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த விதிவிலக்கு திறப்பது பதிவு அலுவலகத்தின் கதவை மட்டுமே. வீடு கட்ட வரைபட அனுமதி வேண்டுமென்றால், 2017-ஆம் ஆண்டின் வரன்முறை விதிகளின் கீழ் கட்டணம் செலுத்தி, மனைப்பிரிவும் மனையும் முறைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு ஆகியவற்றில் விழும் மனைகளுக்கு அதுவும் கிடையாது. இந்த வரன்முறைத் திட்டத்தின் காலக்கெடுவை எத்தனை முறை நீட்டித்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், விதியை மதித்து முதலிலேயே பணம் கட்டியவர் ஏமாளி என்றுதான் தோன்றும். 'எப்படியும் மறுபடி நீட்டிப்பார்கள்' என்று தரகர் துணிந்து சொல்வதற்கு அரசே பழக்கப்படுத்தியிருக்கிறது.

பவர் பற்றி. நில உரிமையாளரிடம் பதிவு செய்த பொது அதிகார ஆவணம் பெற்றவர், உங்களுக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், அதில் தவறில்லை. அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, விற்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா, பின்னர் ரத்து செய்யப்பட்டதா என்பவற்றை மட்டும் சரிபார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் பவரும் அவரோடு முடிந்துவிடும். முடிந்தால் உரிமையாளரையே ஒருமுறை நேரில் பார்த்துப் பேசுங்கள். அவரைப் பார்க்கவே விடமாட்டேன் என்கிற பவர் ஏஜெண்டிடம் வாங்க வேண்டிய அவசரம் எதுவும் உங்களுக்கு இல்லை.

ஆனால் இரண்டாவது மனையைக் கிரயம் செய்யாமல் உங்கள் பெயருக்கு பவராக வாங்கி வைக்கச் சொல்வது முற்றிலும் வேறு. பவர் பத்திரம் மூலம் சொத்துரிமை மாறாது என்று 2011 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வேறொருவரின் நிலத்துக்கு முகவராக மட்டும் உட்கார்ந்திருப்பீர்கள். 4.20 லட்சம் ரூபாய் மனையில் இதனால் மிச்சமாவது அதிகம் போனால் 37,800 ரூபாய். பணயம் வைப்பது முழு 4.20 லட்சத்தையும். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஈசி எனப்படும் வில்லங்கச் சான்று, நீங்கள் கேட்ட சர்வே எண்ணில், நீங்கள் கேட்ட காலத்தில் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலையும், நீதிமன்றத்தில் நடக்கும் பாகப் பிரிவினை வழக்கையும் அதில் தேடிப் பயனில்லை. உட்பிரிவு எண்ணுக்கு மட்டும் ஈசி போட்டு, பிரிவதற்கு முன்பிருந்த பழைய எண்ணை விட்டுவிடுவது வழக்கமான வித்தை. பழைய எண்ணுக்கும் சேர்த்து முப்பது ஆண்டுகளுக்குப் போடுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்.

இனி உங்கள் முதலீட்டுக் கணக்குக்கு வருகிறேன். இரண்டு மனைகளின் விலை 8.40 லட்சம். முறையாகக் கிரயம் செய்தால் 9 சதவீதம், அதாவது 75,600 ரூபாய். தரகுக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 16,800. மொத்தம் 9,32,400 ரூபாய். உங்கள் சேமிப்பையே தாண்டிவிட்டது. ஒரு மனையை விற்றுப் போட்ட பணம் முழுவதையும் எடுக்க வேண்டுமென்றால், 4.20 லட்சம் ரூபாய் மனை இரண்டே ஆண்டுகளில் 9.32 லட்சத்துக்கு விலை போக வேண்டும். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். 24 மாதம் முடிவதற்குள் விற்றால் அந்த லாபம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்திலேயே வரிக்கு உள்ளாகும். அதற்குப் பிறகு விற்றால் 12.5 சதவீதம். மனை வாடகை தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரகர் இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கமாட்டார்.

பத்திரத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாம் என்ற யோசனையும் விரைவில் வரும். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அதைவிட முக்கியம், நாளை நீங்கள் விற்கும்போது உங்கள் கொள்முதல் விலையாகப் பத்திரத்தில் உள்ள குறைந்த தொகைதான் எடுத்துக்கொள்ளப்படும். இன்று மிச்சம் பிடித்தது அன்று லாபமாகக் கணக்கிடப்பட்டு வரியாகப் போய்விடும்.

நான் பதினெட்டு ஆண்டுகளாக வங்கிகளுக்குச் சட்டக் கருத்துரை எழுதிவருகிறேன். என் மேசைக்கு வரும் கோப்புகளில் பலவற்றில் பரிதாபத்துக்குரியவர் வாங்க வந்தவர் அல்லர், விற்க வந்தவர்தான். நல்ல விலைக்கு ஆள் கிடைத்திருக்கும், முன்பணமும் கைமாறியிருக்கும். மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததால் வாங்குபவருக்கு வீட்டுக் கடன் தர முடியாது என்று நான் எழுத வேண்டியிருக்கும். கடன் வாங்கி வீடு கட்டுபவர்கள் விலகிக்கொண்டால், மிச்சம் இருப்பவர் உங்களைப் போன்ற இன்னொரு முதலீட்டாளர் மட்டுமே, அவர் விலையை அடித்துத்தான் கேட்பார். நிலத்தில் முதலீட்டைப் பெருக்குவது என்றால் ஒன்றை விற்று அடுத்ததற்குப் போவதுதான். ஆகவே வாங்கும்போதே, உங்களிடமிருந்து வாங்கப் போகிறவரின் வங்கி வழக்கறிஞர் இந்தக் கோப்பைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் 9 லட்சத்துக்கு இரண்டு மனை வேண்டாம். ஒரே ஒரு மனை, சற்று விலை கூடினாலும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் உள்ளதாக இருக்கட்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவுகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு கட்டாயம். அத்தகைய மனைகளை விற்றுத் தரும் தரகரும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன் மனைப்பிரிவை விற்பவர் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். சட்டக் கருத்துரைக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த வழக்கறிஞரிடம் போங்கள். மனை விற்பவர் இலவசமாக ஏற்பாடு செய்து தரும் வழக்கறிஞர் யாருக்காக வேலை செய்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிரயம் முடிந்தவுடன் பட்டா மாற்றத்துக்கு மனுக் கொடுத்து, உட்பிரிவு செய்து, எல்லைக்கல் நட்டுவிடுங்கள். அந்த மனையைக் குறைந்தது 24 மாதம் வைத்திருந்து விற்று, அதனுடன் அப்போதைய சேமிப்பைச் சேர்த்து, வாடகை வரும் சிறிய வீட்டுக்குக் கடனுடன் போவதுதான் உங்கள் வருமானத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் இரண்டாம் படி.

கொடுத்த 10,000 ரூபாய்க்கு ரசீது இருந்தால் அதில் கையெழுத்து யாருடையது என்று முதலில் பாருங்கள். தரகர் மட்டும் கையெழுத்திட்டிருந்தால் நில உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. மனைப்பிரிவு ஒப்புதல் எண், ஆணையப் பதிவு எண், பவர் பத்திர நகல், மனையாகவே பதிவான முந்தைய கிரயப் பத்திரத்தின் நகல் ஆகிய நான்கையும் ஒரு வாரத்துக்குள் தரும்படி வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். தராவிட்டால் டோக்கனைத் திருப்பித் தரும்படி அதே இடத்தில் எழுதுங்கள். நான்கும் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.