நூலில் கட்டிய பந்து: கோண உந்தம் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் பள்ளியில் டம்பெல் இல்லை. சுழல் நாற்காலிச் சோதனையை எப்படிச் செய்வது?

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். கையில் எடையோடு நாற்காலியில் சுழலும்போது கையை மடக்கினால் சுழற்சி வேகம் கூடும், அதுதான் சோதனை. வெளியிலிருந்து திருப்பு விசை (சுழற்சியை மாற்றும் முறுக்கு) இல்லாதவரை கோண உந்தம் மாறாது என்பதே இதன் விதி. கோண உந்தம் என்பது நிலைமத் திருப்புத்திறனையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. நிலைமத் திருப்புத்திறன் என்பது நிறையை, அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. அச்சிலிருந்து 80 செ.மீ. நீட்டிய கையை 20 செ.மீ.க்கு மடக்கினால் பாட்டில்களின் நிலைமத் திருப்புத்திறன் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் சுழற்சி வேகம் பதினாறு மடங்காகாது. உடம்பும் நாற்காலியும் அப்படியேதானே இருக்கின்றன. மெதுவாகச் சுழற்றிவிடுங்கள். துப்பட்டாவை முடிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பேனாக் குழாயில் நூலைக் கோத்து, முனையில் ரப்பர் பந்தைக் கட்டிச் சுழற்றினோம். நூலைப் பாதியாக இழுத்தால் சுழற்சி நான்கு மடங்காக வேண்டும். மூன்று மடங்குதான் வந்தது.

குழாயின் விளிம்பைப் பாருங்கள். நூல் அங்கே பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கும். அந்த உராய்வு, காற்றின் தடை, குழாயைப் பிடித்த கையின் ஆட்டம் எல்லாம் சேர்ந்து உந்தத்தைத் தின்கின்றன. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். முதலில் இழுக்காமலே சுழலவிட்டு, எத்தனை சுற்றில் வேகம் பாதியாகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் ஒரே சுற்றுக்குள் வெடுக்கென்று இழுங்கள்.

கேள்வி: உராய்வு என்பது சாக்கு. பத்தில் ஒரு பங்காக இழுத்தால் நூறு மடங்கு சுழற்சி வருமா? யாரும் பார்த்ததில்லை. மாறாமல் இருப்பது இயக்க ஆற்றல்தான்.

சரி, உங்கள் கூற்றையே எடுத்துக்கொள்வோம். ஆற்றல் மாறாவிட்டால் பந்தின் வேகமும் மாறாது. பாதி ஆரத்தில் சுழற்சி இரண்டு மடங்குதான் ஆக முடியும். மேலே கேட்டவருக்கு மூன்று வந்திருக்கிறது. உராய்வு குறைக்குமே தவிரக் கூட்டாது. மிச்சம் எங்கிருந்து வந்தது? நூலை உள்நோக்கி இழுத்த கை செய்த வேலையிலிருந்து. பாதி ஆரத்தில் ஆற்றல் நான்கு மடங்கு, நூலின் இழுவிசை எட்டு மடங்கு. பத்தில் ஒரு பங்கில் இழுவிசை ஆயிரம் மடங்கு! நூல் தாங்காது, தாங்கினாலும் விளிம்பில் உராய்வு அதோடு ஏறும். வெளியிலிருந்து திருப்பு விசை இல்லாதபோதுதான் விதி பொருந்தும்.

கேள்வி: ஆனாலும் நான்கு வரவில்லையே?

இழுக்காமல் சுழற்றி, இழப்பை அளந்து எண்ணோடு வாருங்கள்.

கேள்வி: கையை மடக்கினால் கூடும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

மேலே சொல்லிவிட்டேன். கை செய்யும் வேலை.

கேள்வி: பூனை எப்படிக் காலூன்றி விழுகிறது?

அது தனிக் கதை. தயவுசெய்து பூனையைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

கேள்வி: சைக்கிள் சக்கரச் சோதனையில் ஆள் எந்தப் பக்கம் திரும்புவார்?

அசையாத நாற்காலியில் உட்கார்ந்து, சுழலும் சக்கரத்தைப் படுக்கையாகப் பிடித்துத் தலைகீழாகப் புரட்டினால், சக்கரம் முதலில் சுழன்ற திசையிலேயே ஆள் சுழல்வார். சக்கரத்தின் உந்தம் எதிர்த்திசைக்கு மாறியதை ஈடுகட்ட, அதன் இரு மடங்கு அவருக்கு வரும். ஆரக்கம்பியில் துப்பட்டா மாட்டினால் கழுத்துக்கே ஆபத்து. கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.