கறிக்கோழியில் மருந்து எச்சம்: லேபில் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: காரைக்குடியில் மெஸ் நடத்துகிறேன். “ஊசி போட்ட கோழிதானே?” என்று சாப்பிட வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஒரு கோழியை லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட்டைச் சுவரில் மாட்டிவிடலாமா?

பதில்: அவர்கள் ஊசி என்பது ஹார்மோனை. அந்தச் சோதனைக்குக் காசைக் கரைக்காதீர்கள். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறுவது இனத்தேர்வாலும் தீவனத்தாலும்தான். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி குத்த எந்தப் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும்? பார்க்க வேண்டியது, குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை.

“மருந்து இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் லேபில் ஒன்றும் செய்ய முடியாது, பெயர் சொல்லிக் கேளுங்கள். என்ரோஃப்ளாக்சசின், ஆக்சிடெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் முதலில். தடை செய்யப்பட்டவற்றில் குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான். இந்த நைட்ரோஃபியூரான் கோழியின் உடம்பில் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். சிதைந்த பொருட்கள்தான் இறைச்சியோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். ஆகவே ‘நைட்ரோஃபியூரான் மெட்டபொலைட்’ (அந்தச் சிதைந்த பொருள்) என்றே எழுதிக் கொடுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அங்கீகரித்த லேபாக இருந்தாலும், கோழி இறைச்சியில் இந்த மருந்துகளைப் பார்க்க அனுமதி உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள். எலைசா என்ற விரைவுச் சோதனை வெறும் முதற்கட்ட வடிகட்டல். அதில் ‘பாசிட்டிவ்’ வந்தால் எல்.சி.எம்.எஸ்./எம்.எஸ். என்ற துல்லியமான கருவியில் உறுதி செய்யாமல் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஒரே பேட்ச்சில் நாலைந்து கோழிகளிலிருந்து கறி எடுங்கள், ஈரலைத் தனியாக. பல மருந்துகள் கறியைவிட ஈரலில் அதிகம் தங்கும். ஆக்சிடெட்ராசைக்ளினுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பே கறியில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஈரலில் 600. மஞ்சள், உப்பு தடவாமல் உறையவைத்து ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால், எந்த அளவுக்குக் கீழே என்பதையும் பாருங்கள்.

மிளகு போட்டுக் கொதிக்கவிட்டால் போய்விடாதா என்பார்கள். என்ரோஃப்ளாக்சசின் சூட்டுக்கு அசைவதில்லை. கறியிலிருந்து கொஞ்சம் சாற்றில் இறங்கும், அவ்வளவுதான். அந்தச் சாற்றைத்தானே சூப்பாக ஊற்றுகிறீர்கள்.

சரி, சுவரில் மாட்டலாமா? வேண்டாம் என்பேன். அந்த ரிப்போர்ட் அந்தப் பேட்ச்சுக்கு மட்டும்தான். அடுத்த வாரம் வரும் கோழி வேறு பண்ணை. அதைவிட, கோழி தருகிறவரிடம் பேட்ச்சின் மருந்துப் பதிவேட்டைக் கேளுங்கள்: எந்த மருந்து, கடைசியாகக் கொடுத்தது எந்தத் தேதி, லோடு ஏறியது எப்போது. மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று மருந்துப் புட்டியின் லேபிளில் இருக்க வேண்டும். அந்த மருந்துக்குக் காலம் குறிக்கப்படாவிட்டால் கோழிக்கறிக்குக் குறைந்தது 28 நாள் என்கிறது 2012-இல் சேர்த்த மருந்து விதி. 40 நாளில் அறுக்கிற கோழி என்றால் 12-ஆம் நாளோடு அந்த மருந்தை நிறுத்தியிருக்க வேண்டும். பதிவேட்டில் 30-ஆம் நாள் என்று இருந்தால் லேபுக்கே போக வேண்டாம், அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பதிவேடே இல்லை என்று மழுப்பினால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு இருக்கிறது. சோதனைக்குக் கொடுக்கப்போவதாக விற்பவரிடம் வாங்கும்போதே சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். சட்டப்படி இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.